அடைப்பெடுக்க ஆள்

"சாக்கடை அடைச்சுக்கிச்சு, ஒரு ஆள வரச் சொல்லுங்க." மதுரையில் இந்தப் பேச்சு சாதாரணம். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். கரண்ட் போனால் எலக்ட்ரீசியனை. சாக்கடை அடைத்தால் மட்டும் 'ஆள்'. அந்த ஆளுக்குத் தொழில் பெயர் கிடையாது, சாதிப் பெயர்தான் உண்டு. கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும், போகிறவனுக்கும் தெரியும். எங்கய்யா அப்படிப் போன ஆள்.

அய்யாவிடம் இருந்தது ஒரு நீள மூங்கில் பத்தை, ஒரு கம்பிக் கொக்கி, ஒரு வாளி. வாசல் வழியா விட மாட்டார்கள். "ஏப்பா, சந்துப் பக்கமா சுத்தி வா" என்பார்கள். அந்த வீட்டுப் பொடிசுகளுக்கும் அவர் 'வா, போ' தான். மூடியைத் திறந்து கையை விட்டால் வருவதெல்லாம் அந்த வீட்டுச் சாமான்தான்: சடை சடையாய் முடி, உறைந்த எண்ணெய், சோறு, காப்பித் தூள், ஷாம்பு பாக்கெட், தீட்டுத் துணி. ராத்திரி சோத்துத் தட்டில் கை வைக்க அவருக்கு மனசு வராது. அம்மா கரண்டியைக் கொடுக்கும். எங்க தெருவில் அப்பவே கரண்டியில் சாப்பிட்ட ஒரே மனுசன் அவர்தான். நாகரிகத்துக்காக அல்ல.

இதை எடுக்க ஆள் எதற்கு? சிங்க்கில் ஒரு சல்லடை போட்டால் சோறும் தூளும் உள்ளே போகாது. சட்டியில் இருக்கிற எண்ணெயைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் குழாயில் கொழுப்பு உறையாது. குளிக்கிற இடத்தில் சேரும் முடியை அன்றன்றைக்கே பொறுக்கிப் போடலாம். நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பையில் தனியாகக் கொடுக்கலாம். அப்படியும் அடைத்தால், சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயை, கீழே வாளி வைத்துக் கழற்றிக் கழுவலாம். கொஞ்ச நேர வேலை. ஆனால் முடியாதாம், அருவருப்பாம். தன் தலைமுடியைத் தன் கையால் எடுக்க அருவருப்பு. அதையே எங்கய்யா கையால் எடுக்க வைப்பதில் ஒரு அருவருப்பும் இல்லை. இது குழாய் சம்பந்தப்பட்ட விசயமா, சாதி சம்பந்தப்பட்ட விசயமா?

சிலபேர் ஆசிட்டை ஊற்றிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஊற்றினதைச் சொல்வதும் இல்லை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தேங்கிய சாக்கடையில் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லையேன்னு இறங்குகிறவன் அப்படியே சரிவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சரிவான்.

ஆசிட் விழாத இடத்திலும், கழிவு தேங்கி அழுகினாலே இந்த வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில், கழிவுநீர் ஏற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருசம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கினது அரசு அமைப்பானாலும் வீட்டுக்காரரானாலும் குற்றம்தான். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை.

தெருச் சாக்கடைக்கு இயந்திரம் வரட்டும். வீட்டுக் குழாய்க்கு அவரவர் கை போதும். முதலாவதுக்குப் போராடுகிறோம், மனுக் கொடுக்கிறோம், கூட்டம் போடுகிறோம். சரிதான். இரண்டாவதுக்குப் போராட்டம் தேவையில்லை, கூச்சத்தை விட்டால் போதும். மேடையில் நம்மோடு உட்காருகிற தோழர்களிடமும் இதைக் கேட்டாக வேண்டும்: தோழர், உங்க வீட்டு அடைப்பை யார் எடுக்கிறார்கள்?