மூச்சுக் கணக்கு

நேற்றிரவு மின்சாரம் போயிற்று, விசிறி நின்றது. "மூச்சு முட்டுகிறதே!" என்று முணுமுணுத்தேன். "ஜன்னலைத் திறந்தால் போகிறது" என்றாள் என் மனைவி. சரிதான். ஆனால், திறக்க ஜன்னலே இல்லாத ஒரு வீட்டைப் பற்றித்தான் மாலை முழுவதும் நான் படித்திருந்தேன்.

'மீர்' என்று அதற்குப் பெயர். 1986-இல் ரஷ்யர்கள் விண்வெளியில் கட்டத் தொடங்கிய நிலையம். 2001-இல் கடலில் விழுந்து முடிந்தது. அங்கே விசிறி நின்றால் வியர்வையோடு போகாது. எடையில்லாத இடத்தில் வெப்பக் காற்று மேலே எழும்பாது. தூங்குகிறவன் விட்ட கரியமில வாயு அவன் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும்.

என் நாவல்களில் எத்தனையோ அறைகளைக் கட்டியிருக்கிறேன். நாற்காலி, நிலைக்கண்ணாடி, ஓடாத கடிகாரம் எல்லாம் வைத்ததுண்டு. காற்றை வைத்ததாக நினைவில்லை.

மீரில் அதையும் வைக்க வேண்டியிருந்தது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துப் பிராணவாயு எடுக்க 'எலெக்ட்ரான்' என்ற இயந்திரம். அது போதாதபோது ஒரு வர்த்தி. மெழுகு அல்ல, குப்பியில் அடைத்த ரசாயனம். மூட்டினால் பிராணவாயு வரும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வர்த்தி. படியால் அரிசி அளப்பதுபோல மூச்சை அளந்துவிட்டார்கள்!

1997 பிப்ரவரியில் அங்கே ஆறு பேர் இருந்தபோது, அப்படிப்பட்ட வர்த்தி ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. தப்பிச் செல்ல இருந்த இரண்டு கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியை நெருப்பு மறித்தது. தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் தீ அது! முகமூடி மாட்டிக்கொண்டு புகைக்குள் போராடினார்கள். ஒருவழியாக அணைந்தது.

மார்ச்சில் எலெக்ட்ரான் படுத்துவிட்டது. மறுபடியும் அதே வகை வர்த்தியைத்தான் மூட்டினார்கள். வேறு வழி? அதை மூட்டிய கை நடுங்கியிருக்குமா என்ற இடத்திலேயே என் மனம் வெகுநேரம் நின்றுவிட்டது.

ஏப்ரலில் 'ப்ரோகிரஸ்' சரக்குக் கலம் ஒன்று வர்த்திகளும் பழுதுபார்க்கும் சாமான்களும் கொண்டுவந்து சேர்த்தது. எவ்வளவு ஆசையோடு பார்த்திருப்பார்கள்! ஜூன் 25-ஆம் தேதி அதே கலம், மறுபடி இணைத்துப் பார்க்கும் ஒத்திகையில் தவறி மோதி, 'ஸ்பெக்டர்' என்ற பகுதியில் ஓட்டை போட்டது. காற்று கசிந்தது. வாசல் வழியே ஓடிய மின்கம்பிகளைக் கழற்றியும் வெட்டியும் எறிந்துவிட்டு அவசரமாக அடைத்தார்கள். அங்கே படுத்துவந்த அமெரிக்கர் மைக்கேல் ஃபோலின் சொந்தச் சாமான்களெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டன.

இருட்டில் நான் இதைச் சொல்லி முடிக்கவும் மின்சாரம் வந்தது. ஜன்னலைச் சாத்த மனைவி எழுந்தாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

"கொசு வருமே!"

"வரட்டும்."