"சுவர்" என்ற பெட்டி

பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் ஆசிரியர் குவாட்டர்ஸில் நாங்கள் ஆறு குடும்பங்கள். பழைய கட்டடம். மழை வந்தால் யாராவது ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எது உடைந்தது, எது திருத்தப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. கொப்பியில் எழுதினோம், கொப்பி தொலைந்தது. வட்ஸ்அப்பில் போட்டோம், கல்யாண அழைப்பிதழ்களுக்குள் மறைந்துபோனது.

பிறகு எங்கள் ஐசிடி சேர் வாடகை வீடுகளை நிர்வகிக்கும் இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் பார்த்து ஃபோனிலேயே பதியலாம். பரிசோதனை வகைகளை மட்டும் நாங்களே உருவாக்கவேண்டும். ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் உருவாக்கிவிட்டோம்: கூரை, சுவர், கதவு ஜன்னல், மின்சாரம், தண்ணீர், மலசலகூடம், ஏனையவை.

மூன்று மாதம் தொடர்ந்து ஒரு வீட்டுக் குசினிச் சுவரில் ஈரம் என்று பதிந்தோம். "சுவர்" என்றால் அது மேசன் பாஸுக்குப் போகும். அவர் வந்து பார்த்து, "மழை முடியட்டும், பெயின்ட் அடிப்போம்" என்றார். அவருடைய வேலைக்கு அது சரியான பதில்தான். ஆனால் அந்த ஈரத்துக்குள் ஒரு ப்ளக் பொயின்ட் இருந்தது. வயரிங் செய்பவரோ "மின்சாரம்" பெட்டியை மட்டுமே பார்ப்பார். அதில் நாங்கள் "குறைபாடு இல்லை" என்று டிக் போட்டிருந்தோம். பல்ப் எரிந்ததே!

ஒரு மழை நாளில் எங்கள் டீச்சர் ஒருவரின் மகள் கேத்தல் ப்ளக்கைத் தொட்டாள். கை உதறித் தள்ளியது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார்த்தோம். அசையவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதை அமத்தியதில்லை. எங்கள் பட்டியலில் அதற்கொரு இடமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தால் 2020 டிசம்பரில் இறந்துபோனான். தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். கிடைத்த பதில், "மேலே பெயின்ட் அடியுங்கள்." அந்த வரியை வாசித்ததும் எங்கள் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

இன்று அங்கே அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 27 முதல், சமூக வீடுகளில் அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும். அங்குள்ள வீட்டுப் பரிசோதனையில் 29 ஆபத்துகள் இருக்கின்றன. அவை சுவர், கூரை என்று பிரிக்கப்பட்டவை அல்ல. ஈரமும் பூஞ்சணமும், மின்சாரம், தீ, படியில் விழுதல் என்று, மனிதருக்கு என்ன நடக்கும் என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டவை.

நாங்களும் பழைய வகைகளை அழித்தோம். மின்சாரம் தாக்கும், தீப்பிடிக்கும், கேஸ் கசியும், விழுவோம், மூச்சுக்குக் கேடு, நுளம்பு பெருகும் என்று புதிதாக எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு நாள். ஈரச் சுவரில் ப்ளக் இருந்தால் இரண்டு பெட்டியிலும் பதியவேண்டும். "ஏனையவை"யை வைத்திருக்கிறோம். ஆனால் மாதக் கூட்டத்தில் அதைக் காலி செய்யாமல் ஒருவரும் எழும்பக்கூடாது.

வகுப்பறையிலும் இதைத்தானே செய்கிறோம்? ஒரு பிள்ளையை "மெல்லக் கற்பவர்" பெட்டியில் போட்ட பிறகு, அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இதை வாசிப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். வயரிங் தெரிந்தவரை உடனே கூப்பிடுங்கள்.