தாய்மொழி என்ற கட்டம்

வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று கிளம்புகிறவருக்கு முதல் சில மாதங்கள் ஆங்கிலத்தோடு வேலையே இருக்காது. தாளோடுதான் வேலை. 2022-இல் ஸ்கூடாயில் உட்கார்ந்துகொண்டு வியட்நாமுக்காக நான் சேர்த்த கோப்பில் பட்டச் சான்றிதழ், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, நன்னடத்தைச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் இருந்தன. "டீச்சர் வேலைக்குத்தான போற? கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ தாள் கேக்க மாட்டாங்க" என்றார் அம்மா.

தாள் கிடைப்பது கஷ்டமில்லை. வரிசைதான் கஷ்டம். நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ரா தருகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 20 வெள்ளிதான். ஆனால் வியட்நாமில் அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அதை முதலில் வாங்கி வைத்தால், பட்டச் சான்றிதழ் முத்திரை வாங்கி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். பட்டச் சான்றிதழுக்குப் புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சின் முத்திரை வேண்டும். பிறகு அந்த முத்திரை உண்மையானதுதான் என்று கோலாலம்பூரில் உள்ள வியட்நாம் தூதரகம் இன்னொரு முத்திரை வைக்க வேண்டும். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்குள் இந்த இரட்டை வேலை கிடையாது, ஒரே சான்று போதும். சிங்கப்பூர் 2021-இல் அதில் சேர்ந்துவிட்டது. நான் தாள் சேர்த்த காலத்தில் மலேசியா சேர்ந்திருக்கவில்லை. மலேசியாவும் வியட்நாமும் அதில் சேர்ந்திருந்தால் ஒரு முத்திரையாவது மிச்சமாகியிருக்கும் என்று லார்க்கினிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது பெயர். நம்மவர்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், மகன், மகள். வெளிநாட்டுப் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கும் போகாது. அப்பா பெயரைப் போட்டேன். விளைவு, வேலைக் கடிதம் அப்பாவை விளித்து வந்தது. "எனக்கு எப்பப்பா ஃபிளைட்டு?" என்று அப்பா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். பயிற்சிச் சான்றிதழில் ஏ/பி இல்லை, பட்டத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து இன்னொரு தாள் சேர்த்தேன்.

இதெல்லாம் அலைச்சல்தான். நான் நின்றுவிட்ட இடம், 'தாய்மொழி' என்ற கட்டம்.

"இங்கிலீஷ்னே போட்டுருங்க மிஸ். யார் வந்து செக் பண்ணப் போறாங்க?" என்றார் ஏஜெண்ட். அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. அந்த மொழி மையத்தின் சம்பளப் பட்டியலில் இரண்டு வரிசைகள்: தாய்மொழியாளர், மற்றவர்.

ஆங்கிலம் யாருடைய தாய்மொழி என்பதை வாயைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தென்கொரியாவின் ஈ-2 விசா இதற்கு நல்ல உதாரணம். ஆங்கிலம் கற்பிக்க அது ஏற்கும் நாடுகள் ஏழு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஆசிரியர் தகுதி உள்ள இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் 2010-இல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தம் வழியாக ஒரு சின்னக் கதவு உண்டு. மலேசியருக்கு அதுவும் இல்லை.

அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர்தான் என்னைத் தொந்தரவு செய்தது. 1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதே கரையிலிருந்து வேறு கப்பல்கள் பினாங்குக்கு வந்தன. என் பாட்டனார் ஏறியது அப்படி ஒன்றில். டர்பனில் இன்று என் வயதில் ஒருத்தி இருப்பாள். நாயுடு, பிள்ளை என்பதெல்லாம் அங்கே குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டதால் அந்தக் கட்டத்தில் அவள் திணற மாட்டாள். தமிழ் பெரும்பாலும் வீட்டைவிட்டுப் போய்விட்டது, ஆகவே தாய்மொழிக் கட்டத்திலும் சிக்கல் இல்லை. ஒரே ஊர்க்காரர்களின் பேத்திகள். தமிழ் கைவிட்டுப்போன வீட்டுக்காரிக்கு விசா, தமிழ்ப்பள்ளிக்குப் போனவளுக்கு இல்லை.

ஜப்பானிலும் இதே கணக்கு வேறு வடிவில் வருகிறது. அங்கே பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு, அந்த மொழியின் வழியாக 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி. ஐந்து வருடம் மலாய்வழி இடைநிலைப்பள்ளி. எங்கள் செட் முதலாம் ஆண்டில் கால்வைத்த 2003-இல்தான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் 'பிளஸ்', 'மைனஸ்' என்று கணக்குப் படித்த பிள்ளைகள் நாங்கள். அதை எத்தனை வருடமாக எண்ணுவது? அரை வருடங்களுக்குப் படிவத்தில் இடமில்லை.

ஏஜெண்ட் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். வீட்டுக்கடன் இருக்கிற குடும்பத்தில் சம்பள வித்தியாசம் சின்ன விஷயமில்லை. கடைசியில் 'தமிழ்' என்றே எழுதினேன். மொழிப்பற்று என்று யாராவது பாராட்டினால் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் காரணம் தொழில் சார்ந்தது. தமிழில் 'தி' கிடையாது. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, வியட்நாமியத்திலும் அப்படித்தான். 'நேற்று நான் போகிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிற பையன் சோம்பேறி இல்லை, அவன் மொழியில் 'நேற்று' என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. மூன்று மொழிகளுக்கு நடுவே அதே பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்தவள் நான். அந்தக் கட்டத்தில் ஆங்கிலம் என்று போட்டால், வகுப்பில் எனக்கு உதவப்போகிற ஒரே தகுதியை நானே அழித்துவிட்டுப் போவதாக ஆகும்.

வேலை கிடைத்தது, இரண்டாவது வரிசைச் சம்பளத்தில். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வரிசையில் இருந்த சிலர் எனக்குப் பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள்.

இப்போது தாமான் யுனிவர்சிட்டி, முத்தியாரா ரினி பக்கத்துப் பிள்ளைகள் யாராவது என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் எடுக்கச் சொல்கிறேன். தாய்மொழிக் கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டால், இரண்டு வரிசைச் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவதை நான் எட்டிப்பார்ப்பதில்லை.