கான் என்றொரு பெயர்

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதை மேரீயில் தொடங்கி மார்லாவில் முடிகிறது. ஏறக்குறைய 620 கிலோமீட்டர். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் மண்சடக்கு. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பலகையில் பார்த்துவிட்டு, டயரில் காற்றைக் குறைத்து, தண்ணீர்க் கேன்களை எண்ணிவிட்டுக் கிளம்பினோம். வண்டியை ஓட்டியவர் அடிலெய்டில் வசிக்கும் பெரியப்பா மகன்.

"ரெண்டு நாளைக்கு ஒண்ணுமே இருக்காது தம்பி. கல்லும் தூசியுந்தான்," என்றார் அண்ணன்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் எதற்காக ஒரு சாலை? பப்ளர் என்ற ஊற்றின் அருகில் நின்றபோது விளங்கியது. வறண்ட நிலத்தின் நடுவே சிறு குளம். அடிமணலைக் கிளப்பிக்கொண்டு நீர் கொப்பளிக்கிறது. 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த கிரேட் ஆர்ட்டீசியன் நிலத்தடிப் படுகையின் கசிவு அது. கொல்லப்பட்ட பெரும்பாம்பின் துடிப்பு என்கிறது அரபானா மக்களின் கதை. அவர்கள் காலங்காலமாக அறிந்திருந்த ஊற்று வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் 1859இல் ஸ்டூவர்ட் வடக்கே போனார். 1872இல் தந்திக்கம்பி வந்தது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே, தண்டவாளமும் அதே வழியில் வந்தது. 1891இல் ஊட்னடாட்டாவைத் தொட்டது. அந்தப் பழைய தடத்தில் ரயில் 1980இல் நின்றுபோனது. இரும்புப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன.

தந்திக்கும் ரயிலுக்கும் சரக்குச் சுமந்தவை ஒட்டகங்கள். ஓட்டியவர்கள் பலூசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், சிந்து என்று பல நிலங்களிலிருந்து வந்தவர்கள். பேசியது வேறு வேறு மொழி. எல்லாரையும் சேர்த்து 'ஆப்கான்' என்றார்கள். மேரீயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், மறுபக்கம் இவர்கள். 'ஆப்கான் எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் பெற்ற ரயில் பிறகு 'கான்' எனச் சுருங்கியது. லாரிகள் வந்ததும் ஒட்டகங்களுக்கு வேலை போனது. பலர் அவற்றைச் சுட மனமில்லாமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள்.

எங்கள் தாத்தா மலாயாவில் கம்பிச்சடக்கு வேலை பார்த்தவர். தோட்டத்துக்கு வெளியே அவரையும் அவரோடு வேலை செய்தவர்களையும் எந்த ஊர், யார் மகன் என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே பெயர், 'கெலிங்'. அந்தச் சொல்லைக் கேட்டால் அப்பாவின் முகம் இன்றும் இறுகிவிடும். மேரீயில் 'ஆப்கான்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

"தாத்தாவோட ஊரு எதுண்ணே?"

"துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம்."

"அது தெரியும். கிராமத்துப் பேரு?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. சரளைக்கல் வண்டியின் அடியில் சடசடவென்று தெறித்துக்கொண்டே இருந்தது.

மார்லாவில் தார்ச்சாலை ஏறியதும் ஈப்போவிலிருக்கும் பெரியப்பாவை அழைத்தோம். "என்னப்பா, பாலைவனத்திலிருந்து இதைக் கேக்குறீங்க?" என்று சிரித்தார். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னார். கேட்காமலேயே, தாத்தாவோடு ஒரே கேங்கில் வேலை செய்த நான்கு பேரின் பெயர்களையும் சொன்னார். தூசி படிந்த பானட்டின் மேல் காகிதத்தை வைத்து ஐந்தையும் எழுதிக்கொண்டேன்.