பேராதனையில் எங்கட பனை

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறும்போது முதுகெல்லாம் வேர்வை. மாத்தளை தாண்ட அந்த வேர்வையே குளிரத் தொடங்கிவிட்டது. விடியப்புறம் கண்டியில் இறங்கினால் பல் தந்தியடிக்கிறது. சுற்றி நின்ற கண்டிச் சனம் அரைக்கைச் சட்டையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் திருவெம்பாவைப் பூசைக்குப் போகும் கிழவன் மாதிரி துவாயால் காதை மூடிக் கட்டிக்கொண்டு நின்றேன். "இஞ்சருங்கோ, ஆக்கள் பாக்கினம், அதைக் கழட்டுங்கோ" என்று மனுசி முழங்கையால் இடித்தா. நான் கழட்டவில்லை. மானம் பெரிசா, காது பெரிசா?

பேராதனைத் தாவரவியல் பூங்கா அங்கிருந்து கிட்டத்தான். நுழைவுச்சீட்டை வாங்கி உள்ளே காலெடுத்து வைத்ததும் கறுவாவும் கராம்பும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. வாசனைத் திரவியத் தோட்டத்தில் 1840இல் நட்ட சாதிக்காய் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அடியில் ஒரு பழம் விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. மஞ்சள் தோல், உள்ளே பளபளவென்ற மண்ணிறக் கொட்டை, அதைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலை பின்னினாற்போல் சாதிபத்திரி. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் சாமானுக்குப் பச்சையில் இப்படியொரு அழகா! மனுசி குனிந்து எடுக்கப் போனா. காவலாளி ஒருமுறை செருமினார். நிமிர்ந்துவிட்டா.

பிறகு ஆறு. தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்தான் நான். ஆனால் அது பெயரளவில் ஆறு; உண்மையில் கடல்நீரேரி. பேராதனையிலோ மகாவலி, பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு, கலங்கிய தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு நல்ல தண்ணியும் சும்மா ஓடுதே என்று கிணற்று நீரை நம்பி வெங்காயம் நடும் ஊர்க்காரன் வயிறு எரிந்தது. கரையில் இராட்சத மூங்கில்கள், ஒவ்வொன்றும் என் தொடை மொத்தம். உயர்ந்த மரங்களிலோ பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பகலிலும் ஓயாமல் சண்டை. அவற்றின் நாற்றத்துக்கும் அதே துவாய் உதவியது.

இவ்வளவும் பார்த்து வாய் பிளந்தபடி ஒரு பாதையில் திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன். பனை! இரண்டு பக்கமும் வரிசையாகப் பனை! 1887இல் நட்ட பனஞ்சாலை என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் பனைக்குக் காவோலை தொங்கும், கள்ளு முட்டி தொங்கும், சீவற்காரர் ஏறி ஏறி உடம்பு வழுவழுத்திருக்கும். இங்கே நிற்கிற பனைகளுக்கு அந்தத் தொல்லையொன்றும் இல்லை. மழையைக் குடித்துக் குடித்து உடம்பில் பாசி பிடித்து, பென்சன் எடுத்த உத்தியோகத்தர்போல நிற்கின்றன.

புல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் என்னைக் கவனித்துவிட்டார். "ஐயா யாழ்ப்பாணமுங்களா?" என்று மலையகத் தமிழில் கேட்டார்.

"ஓம் தம்பி, உடுப்பிட்டி. எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் பூவைத்தான் படம் புடிப்பாங்க. பனை மரத்தப் பார்த்து சிரிக்கிறது அந்தப் பக்கத்து ஆளுங்க மட்டும்தாங்க."

பனையின் விஞ்ஞானப் பெயர் பொராசஸ் பிளாபெல்லிஃபர். இலங்கைப் பக்கமே வராத சுவீடன்காரர் லினேயஸ் 1753இல் வைத்தது. ஒரு மரத்தைத் தன் ஊரில் வளரக் காணாத மனிதர் அதற்குப் பெயர் வைக்க, உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது! அப்படியென்றால் மரத்தோடு மரமாக வாழ்ந்து பெயர் சேகரித்தவர்கள் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் இந்தப் பூங்காவிலேயே இருக்கிறது.

அலெக்சாண்டர் மூன் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட தோட்டக்காரர். 1817இல் இலங்கை வந்து களுத்துறையில் இருந்த அரச தோட்டத்தைப் பொறுப்பேற்றார். அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த வில்லியம் கெர், இலங்கைக்கு வந்து இரண்டு வருடமளவில், 1814இல் இறந்துபோனார். 1821இல் மூன் தோட்டத்தைப் பேராதனைக்கு மாற்றினார். கண்டி இராச்சியம் விழுந்து ஆறு வருடந்தான் ஆகியிருந்தது. கோப்பியும் கறுவாவும் நட்டார். 1824இல் கொழும்பு வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் ஒரு பட்டியலை அச்சிட்டார். அதில் 1,127 செடிகொடிகள். லினேயஸ் முறைப்படி பெயர், கூடவே சிங்களப் பெயர். அடுத்த வருடமே ஆள் போய்விட்டார். மூன் நினைவாக ஆர்னட் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் சூரியகாந்திக் குடும்பத்துச் செடியொன்றுக்கு மூனியா என்று பெயரிட்டார்.

என்னை அந்தப் பட்டியலில் மயக்கியது லத்தீன் அல்ல. தோட்டக்காரர் ஒருவர் ஊர்ச்சனம் சொல்லும் பெயரையும் மதித்து அச்சில் ஏற்றியதுதான். 200 வருடத்துக்கு முந்திய ஆட்சியாளரின் உத்தியோகத்தரிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பெயர்களுக்கும் பிறகு இடம் கிடைத்தது. 1880இல் பூங்காவைப் பொறுப்பேற்ற ஹென்றி ட்றைமன் தன் இலங்கைத் தாவரக் கைநூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்தார். காது கேளாமல், பக்கவாதத்தால் உடல் முடங்கிய நிலையிலும் எழுதினார். மூன்று பாகம் வெளிவந்ததும் 1896இல் இறந்தார். மிச்சத்தைத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1900இல் முடித்தார். பனஞ்சாலை போட்டதும் ட்றைமன் காலந்தான். அதற்கும் முந்தி, 1850இல், வில்லியம் பெர்குசன் என்ற நில அளவையாளர் பனைக்கென்றே ஒரு நூல் எழுதி, அதன் பயன் 801 என்று தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் கணக்குச் சொல்வதை ஆங்கிலேயருக்குத் தெரிவித்தார். 801! ஒடியற்கூழ், பனாட்டு, பாய், வளை என்று எண்ணிப் பார்த்த எனக்கு முப்பதுக்கு மேல் விரல் மடங்கவில்லை.

துரைமாரின் பெயர்கள் ஒருபக்கம் கிடக்கட்டும். இந்தக் கதையில் என் மனதில் ஒட்டிக்கொண்டவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. மூன் காலத்திலேயே சேர்ந்து, கார்ட்னர், துவெயிற்ஸ் என்று பூங்காவின் பொறுப்பிலிருந்த துரைகள் மாற மாற, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து செடிகளை வரைந்த ஓவியர். காட்டில் பறித்தது வாடுமுன் பூவையும் விதையையும் பிளந்து பார்த்துத் தாளில் பிடிக்க வேண்டும். துவெயிற்ஸ் இலக்கமிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பியதோ உலர்ந்த மாதிரிகள். உலர்ந்தபின் நிறம் ஏது? மகன்மார் வில்லியமும் ஜோர்ஜும் தகப்பன் வழியிலேயே வந்து, இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்குப் படம் வரைந்தார்கள்.

அவ்வளவு உழைத்தவருக்கு ஓர் ஓர்க்கிட் பெயர் கிடைத்தது: தேனியோபில்லம் அல்விசி. ஓர்க்கிட் வீட்டில் தேடினேன், காணவில்லை. காட்டுமரத்தில் ஒட்டி வளரும் மிகச்சிறிய இனம் அது. இலையே கிடையாது! பட்டையில் படர்ந்த பச்சை வேர்தான் இலையின் வேலையையும் பார்த்து உணவு தயாரிக்கிறது. மனுசியிடம் சொன்னேன். "இலையில்லாமல் சமையலோ? என்னை மாதிரித்தான், மரக்கறி வாங்கித் தராமல் சோறு கேக்கிறியள்" என்று வேறு வழக்கைத் திறந்துவிட்டா.

வெயில் ஏற, துவாயைக் கழட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து, புல்வெளி நடுவே குடை விரித்து நிற்கும் பெரிய ஆலினத்து மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை; அடுத்தது தலதா மாளிகை.

உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, நெல்லியடிப் பக்கத்து ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பேராதனைக்குச் சுற்றுலா வரும்போது பிள்ளைகள் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் அதே கொப்பியோடு அம்மம்மாவிடம் அனுப்புங்கள். வேலியில் நிற்கும் கிளுவை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை, குறிஞ்சா, இன்னும் அவ சொல்கிற பெயரெல்லாம் எழுதட்டும். இலையை ஒற்றித் தாளில் ஒட்டட்டும். பள்ளிக்கூட வளவில் நிற்கும் மரங்களில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் தமிழ், சிங்களம், லத்தீன் மூன்றிலும் ஒரு பலகை தொங்கவிடலாம். தகரமும் வர்ணமும் போதும், பெரிய செலவில்லை.