இன்னொரு கரண்டி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள்.

கொஞ்ச நாட்களாக ஊருக்குள் பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான். “வயித்துல வளையம் போட்டா எவ்வளவு குறையும்? எவ்வளவு சல்லி முடியும்?” கேட்பவர்களில் பாடசாலைப் பெற்றோரும் இருக்கிறார்கள், சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எழுதிவிடலாமா என்று பிள்ளைகளின் வாப்பாவிடம் கேட்டோம். “எழுதுங்க. ஆனா விளம்பரம் மாதிரி எழுத வேணாம்” என்றார். ஒவ்வொரு பந்தியையும் அவர் வாசித்த பிறகே இதைப் போடுகிறோம். வளையம் இருப்பது அவருடைய வயிற்றில். அதனோடு வாழப் பழகியது இரண்டு பேரும். அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

2012இல் அவருடைய நிறை 128 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 43. வயது 39. சீனி, பிரஷர் இரண்டும் இருந்தன. இரவில் குறட்டையோடு மூச்சும் நின்று திடுக்கிட்டு எழும்புவார். முழங்கால் விடாததால் கதிரையில் இருந்து தொழத் தொடங்கியிருந்தார். நடை, டயட், கைமருந்து எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஏழெட்டுக் கிலோ குறையும். ஒரு பெருநாளும் இரண்டு கல்யாணமும் வந்தால் குறைந்தது திரும்பி வந்துவிடும்.

சுட்டி 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து சீனி போன்ற நோயும் இருந்தால் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்பதே அந்தக் காலத்தில் பெரும்பாலான வைத்தியர்கள் பார்த்த அளவு. (2022இல் சர்வதேச சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் அந்த அளவை இன்னும் கீழே கொண்டு வந்திருக்கின்றன.) டிசம்பர் விடுமுறையில் சென்னைக்குப் போனோம். மண்ணடியில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “வயித்த வெட்டிட்டாங்களாம்” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இந்த முறையில் வயிற்றை வெட்டுவதில்லை. சிறு துளைகள் வழியாகக் கமராவை உள்ளே விட்டு, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தைப் பூட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே சின்ன ஒரு பை மாதிரி இடம் உண்டாகும். அது பிடிப்பது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான், ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அந்தப் பை நிரம்பியதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு வந்துவிடும். வளையத்திலிருந்து ஒரு குழாய் வயிற்றுத் தோலுக்குக் கீழே ஒரு சிறு மூடிக்கு வருகிறது. அதில் ஊசி போட்டு சேலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். கமரா மூலம் இதை முதன்முதலில் பெல்ஜியத்தில் 1993இல் செய்தார்கள். அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது.

இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். “இனி உங்கட வேலை” என்றார் டொக்டர். அதன் அர்த்தம் ஊருக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

முதல் இரண்டு கிழமை தண்ணீராக ஓடும் சாப்பாடு மட்டும். அடுத்த இரண்டு கிழமை அரைத்த சாப்பாடு. பிறகு மெதுவானது. அதற்குப் பிறகுதான் சோறு கறி. நோய் பார்க்க வந்தவர்கள் கொண்டு வந்ததோ அப்பிள், திராட்சை, கிறீம் கிராக்கர், பொரித்த கோழி. பார்க்க வருபவர் வெறுங்கையோடு வரமாட்டார், வந்தவர் முன்னால் நோயாளி ஒரு வாயாவது சாப்பிட வேண்டும் என்பது நம் வழக்கம். அவர் பாவம், அரைக் கோப்பைச் சூப்பை ஒரு மணித்தியாலமாக உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

ஆறு கிழமையில் முதலாவது ஊசி. சில மில்லிலீற்றர் சேலைனுக்காக மீண்டும் விசா, டிக்கெட், லீவு. இரண்டாவது ஊசிக்கும் அப்படித்தான். பிறகு கொழும்பில் இதைச் செய்யும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கிடைத்தார். அன்றிலிருந்து கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் போய், ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பினோம். செலவைக் கேட்பவர்கள் சத்திரசிகிச்சைச் செலவை மட்டும் கேட்கிறீர்கள். இந்தப் பயணங்களையும் கணக்கில் போடுங்கள். வளையம் போட்டவருக்குக் கிளினிக் ஆயுளுக்கும் உண்டு.

சோற்றுக்குத் திரும்பியபோது புதிதாகச் சாப்பிடப் படித்தோம். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கும் சோசர்தான் அவருடைய பீங்கான். முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு மரக்கறி, கடைசியில் இடமிருந்தால் சோறு. சின்னச் சின்ன வாயாக எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கி, பொறுத்து, அடுத்த வாய். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான். சோடா வகை எதுவும் இல்லை. பாண், பராட்டா, கட்டியான சோறு, நார் இறைச்சி எல்லாம் வளையத்தில் போய் நிற்கும். நின்றால் நெஞ்சுக்குள் ஒரு கல் இருப்பது போல வலிக்கும். வாயில் எச்சில் நுரையாக ஊறி வரும். சாப்பிட்டது மேலே வந்தால்தான் விடும். இது சத்தி எடுப்பது மாதிரியில்லை, குமட்டல் இருக்காது. ஆனால் பார்ப்பவருக்கு அது விளங்காது.

வீட்டுக்குள் இவை எல்லாவற்றையும் சமாளித்தோம். கஷ்டம் வீட்டு வாசலுக்கு வெளியேதான்.

கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மருமகன் வயிறாரச் சாப்பிடுவது மாமிமாருக்கு ஒரு மரியாதை. எங்கள் உம்மா அடுத்த வளவில்தான் இருக்கிறா. பத்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மருமகனுக்கென்று ஒரு கறி வரும். மூடியைத் திறந்து, பக்கத்தில் நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவா. வளையம் போட்ட பிறகு ஒரு நாள் அவர் நான்கு வாயோடு கையை எடுத்துவிட்டார். உம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றா. “என்ன மகன், இவ்வளவுதானா? என்ட கறி நல்லமில்லையா?” என்றா. “நல்லம் மாமி, காணும்” என்றார் அவர். “இன்னொரு கரண்டி” என்று உம்மா போட்டுவிட்டா. அவர் அதைச் சாப்பிட்டார். பிறகு பின்பக்கம் போய் அரை மணித்தியாலம் நின்றார். உம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

2013 ஜூலையில் நோன்பு வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஏழு மாதம். “இந்த வருஷம் வேணாம்” என்று கொழும்பு டொக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நோன்பு பிடிக்காத ஓர் ஆரோக்கியமான ஆள் மாதிரித்தான் அவர் வெளியே தெரிந்தார். நிறை குறைந்து ஆள் நன்றாகவே இருந்தார். பகலில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

பெருநாள் முடிந்து ஒரு வலீமா. அங்கே சஹன் சாப்பாடு. ஒரே தட்டில் ஐந்தாறு பேர். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் எழும்பாமல் இருப்பது ஒழுங்கு. அவர் மெதுவாகச் சாப்பிடுவதைப் பார்த்து, கூச்சப்படுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க காக்கா.” அன்பு அது. எல்லோரும் முடித்துக் காத்திருக்கிறார்கள். அவர் அவசரமாக மென்று விழுங்கினார். நின்றுவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் ஓடினார். அதே நேரம் பெண்கள் பக்கம் எங்களிடம் ஒருவர் காதுக்குள் கேட்டார். “உங்கட அவருக்கு என்ன வருத்தம்? கேன்சரா?”

அன்று இரவு அவர் சொன்னது இதுதான். “கொழும்புக்குப் போய் வளையத்தத் தளத்திட்டு வருவம். மனிசரோட இருந்து சாப்பிட ஏலாட்டி இது எதுக்கு?”

அப்போது நிறை 106. சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. குறட்டை நின்றிருந்தது. நிலத்தில் சுஜூது செய்யத் தொடங்கி மூன்று மாதம். இவ்வளவையும் ஓர் இறைச்சித் துண்டுக்காக, ஒரு கரண்டிச் சோற்றுக்காகத் திருப்பிக் கொடுக்க இருந்தோம். தளர்த்துவது லேசு, ஓர் ஊசிதான். இரண்டு பேரும் விடிய விடியப் பேசினோம். ஊசிக்குப் போக முதல் உம்மாவிடம் பேசிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மாவை இருத்தி, கொப்பித் தாளில் இரைப்பையைக் கீறிக் காட்டினோம். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கீறுவது போல. இதில் வளையம், இதில் பை, இரண்டு மேசைக்கரண்டி. உம்மா கனநேரம் பார்த்தா. பிறகு கேட்டது ஒரே கேள்வி. “அப்ப மருமகனுக்கு நான் என்னத்த ஆக்குற?”

“வேண்டாம்” என்பதையே கேட்டுக்கொண்டிருந்தவவுக்கு, “இதைச் செய்யுங்கள்” என்று ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. மீனைத் தண்ணிக் குழம்பாக, முள் எடுத்து, பருப்பைக் குழைய, இறைச்சி என்றால் அரைத்து. அந்தக் கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக் கறி ஒரு சின்னக் கிண்ணத்தில் வரத் தொடங்கியது. சுவை குறையவில்லை. “என்ட மருமகனுக்குத் திணிக்க வேணாம்” என்று உறவுக்குள் சொல்லி வைத்ததும் உம்மாதான். கல்யாண வீடுகளில் மச்சான் ஒருவர் அவருக்கும் தனக்கும் தனிப் பீங்கான் கேட்டு வாங்கி, அவரோடு சேர்ந்து மெதுவாகச் சாப்பிடப் பழகிக்கொண்டார். இரண்டு பேர் தனியாக இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வளையத்தைத் தளர்த்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோறு சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் அன்பு வேறு வழியில் வந்தது. வட்டிலப்பம், புடிங், ஐஸ்கிறீம், சர்பத். இவை வளையத்தில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். வளையத்துக்குக் கட்டியும் தண்ணியும் தெரியும், சீனி தெரியாது. அந்தக் காவலை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

2014இல் டொக்டரிடம் கேட்டு, சீனி மாத்திரையின் நேரத்தையும் மாற்றி, நோன்பு பிடித்தார். முதல் வருட நோன்புகளை அதற்கு முன்னரே கொஞ்சம் கொஞ்சமாகக் களாச் செய்திருந்தார். நோன்பு திறக்க நன்றாக மென்ற ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீர். மஃரிபுக்குப் பிறகு அரைக் கோப்பைக் கஞ்சி. தராவீஹுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கையில், மிடறு மிடறாக. பிறகு சோசர் சாப்பாடு. ஸஹருக்கு முட்டையும் தயிரும். இது அவருக்குச் சரிவந்தது. மற்றவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.

இப்போது அவர் 94 கிலோ. சீனி மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. கடற்கரை வீதியில் தினமும் நடக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

செய்ய நினைப்பவர்களுக்கு: வளையம் இப்போது உலகம் முழுவதும் மிகவும் குறைந்துவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் முறைதான் அதிகம் நடக்கிறது. அது திரும்பப் பெற முடியாதது. வளையமும் சிலருக்கு வழுகும், சிலருக்கு இரைப்பையை அரிக்கும், கழற்ற வேண்டியும் வரும். போட்டவர் தண்ணீரே இறங்காத அளவுக்கு எடுத்தால், அல்லது வயிற்று வலி விடாமல் இருந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது. எந்த முறை என்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்: பிறகு கிளினிக் எங்கே? அவசரத்துக்கு யார்? வீட்டில் சமைப்பவருக்கு இது விளங்கியிருக்கிறதா?

மற்ற எல்லோருக்கும் எங்கள் வேண்டுகோள். சாப்பாடு கொடுப்பதில் நம் ஊரை மிஞ்ச ஆளில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஒருவர் “காணும்” என்றால் ஒரு தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை விட்டுவிடுங்கள். அவருக்குச் சீனியாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், வளையமாக இருக்கலாம். சபையில் காரணம் கேட்க வேண்டாம். மெதுவாகச் சாப்பிடுபவரோடு நீங்களும் மெதுவாகச் சாப்பிடுங்கள். கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, அவரோடு கொஞ்ச நேரம் இருந்து கதையுங்கள். விருந்தாளிக்கு அது போதும்.