நாடி பார்த்தல்

நாடி என்பது பெயர்ச்சொல்லாயின் மணிக்கட்டிலே துடிக்கும் குருதியோட்டத்தைக் குறிக்கும். வினையெச்சமாயின் விரும்பித் தேடி எனப் பொருள்படும். இவ்வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் யான். ஆயினும் இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கும் இடமொன்று உண்டென்பதை, சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு நான்கு நாள் முன்னர், ஒரு பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பகுதியிலேதான் கற்றேன்.

என் பாட்டியார்க்கு வயது 78. இரண்டு நாளாய் இலேசான சுரம். அன்று மாலை கஞ்சியும் வேண்டாவென்று சோர்ந்து படுத்துவிட்டார். தந்தையார் வெளியூர் சென்றிருந்தமையால் யானே அவரை ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். ஆங்கே சந்தை போன்ற கூட்டம். விபத்திற் கால் முறிந்த இளைஞன் ஒருவன் அலறினான்; குழந்தையைத் தோளிற் சாத்திக்கொண்டு தாயொருத்தி விம்மினாள்; ஆம்புலன்ஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றன.

முந்தி வந்தவர்க்கு முந்தி வைத்தியம் என்னும் முறை ஆங்கில்லை. உயிர்க்கு ஆபத்து மிக்கவர்க்குச் சிவப்பு, அடுத்த நிலையினர்க்கு மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்க்குப் பச்சை என வாயிலிலேயே தரம் பிரிக்கின்றனர். உடற்சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், குருதியிலுள்ள பிராணவாயு ஆகியவற்றின் அளவே அதற்கு ஆதாரம். பாட்டியார்க்குச் சூடு 99.6 பாகை, நாடி 84, மூச்சு 18 என்று தாளில் எழுதினர். மஞ்சள் பட்டை கட்டினர். விரலைக் கவ்வியிருந்த சிறு கருவி பிராணவாயு 95 என்று தலைமாட்டுத் திரையிற் காட்டிற்று. ஜப்பானியராகிய தக்குவோ அவோயாகி என்பார் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியைக்கொண்டு, ஊசி குத்தாமல் ஒளியினாலேயே அளக்குங் கருவி அது. அவ்வெண்களையே நோக்கி யான் மனந் தேறியிருந்தேன்.

அரைமணி கழிந்தபின் முதிய தாதியொருவர் வந்து, பாட்டியாரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு பேசாது நின்றார். எங்கும் கூக்குரலாயிருக்க, அவர் மட்டும் கைக்கடிகாரத்தோடு நிற்பது எனக்கு வீண்காலப் போக்காகத் தோன்றிற்று. "சிஸ்டர், நாடிதான் திரையிலேயே தெரிகின்றதே!" என்றேன். விடையில்லை. ஒரு நிமிஷம் நிறைந்தபின் 32 என்று எழுதி, உடனே மருத்துவரை அழைத்தார்.

அவர் எண்ணியது நாடியை அன்று, மூச்சை. மூச்சை எண்ணுகிறார்களென்று அறிந்தால் நோயாளியின் மூச்சு இயல்பு மாறிவிடுமாம். ஆதலின் கையைப் பற்றி, மார்பை நோக்கி எண்ணுவது அவர்கள் வழக்கம். ஓய்ந்திருக்கும் பெரியவர்க்கு நிமிஷத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு இயல்பு. நுரையீரல் நலிந்தால், உடல் விரைந்து மூச்சுவிட்டுப் பிராணவாயுவைச் சிறிதுநேரம் ஈடுசெய்யும். அதுவரை திரை நல்ல எண்ணையே காட்டக்கூடும். முதியோர்க்குச் சில வேளை சுரமும் மிகுதியாய்க் காய்வதில்லை. பாட்டியார் இரத்த அழுத்தத்திற்காக உண்டுவந்த மாத்திரையோ நாடியை விரையவொட்டாமல் தடுத்திருந்தது. எஞ்சிநின்று உண்மை உரைத்தது மூச்சு ஒன்றே.

பாட்டியாரைச் சிவப்புப் பகுதிக்கு மாற்றினர். வலப்புற நுரையீரலில் நிமோனியா என்பது எக்ஸ்ரே படத்தால் தெரிந்தது. மருந்தை நரம்பிலேற்றி, கால்மணிக்கு ஒருமுறை வந்து அளவுகளைப் பார்த்தனர்.

"முன்னர் 18 என்று எழுதினார்களே!" என்று சினந்து கேட்டேன். "தம்பி, இந்தக் கூட்டத்தில் ஒரு நிமிஷம் முழுதாகக் கிடைப்பது அரிது, பார்வையாலேயே மதித்து எழுதிவிடுவதுண்டு. அது பிழைதான்," என்று அவர் மறைக்காமற் கூறினார். என் சினம் அப்போதே என்மேல் திரும்பிற்று. அவர்க்குக் கிடைக்காத நிமிஷங்கள் எனக்கு முப்பது கிடைத்திருந்தன. யான் திரையைப் பார்த்தேன். அருகே போர்வை அத்துணை விரைவாய் உயர்ந்து தாழ்ந்ததைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் பாட்டியார் வீடு திரும்பினார். திருநாளை நாங்கள் அவ்வாண்டு வைத்தியசாலையிலேயே கழித்தோம். விடுமுறை முடிந்து விடுதிக்குப் புறப்பட்ட காலையில், ஜெபம் முடிந்ததும் அவர் கையைச் சற்றுநேரம் பற்றியிருந்தேன். "என்னடா, நாடி பார்க்கிறாயோ?" என்று நகைத்தார். ஆம் என்றேன். பதினேழு எண்ணியிருந்தேன்.